கட்டணச் சலுகையும் ஒரு சிங்கப்பூர் அப்பாவும்

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மகன் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான், மகள் இன்னும் நடக்கப் பழகவில்லை, மாமியாருக்கு முழங்கால் வலி, கணவர் மஸ்கட்டில். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து வேலையை விட்டேன். சால்வை போர்த்தி, குத்துவிளக்கு கொடுத்து அனுப்பினார்கள். சால்வை வாங்கியவரை ராஜினாமா செய்தவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஓய்வுதான். விட்டது சரிதானா என்று இன்னமும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில், மாணவியர் சேர்க்கையும் கட்டணச் சலுகையும் பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். என் நாற்காலியில் இப்போது ரம்யா என்ற பெண் இருக்கிறாள். சென்ற மாதம் போன் செய்தாள்.

"அக்கா, சலுகை கேக்குற பிள்ளைங்களுக்கு இப்ப கம்ப்யூட்டரே மார்க் போட்டுடுதுக்கா. அப்பா வேலை, வீடு, நிலம் எல்லாம் தட்டினா ஒரு நம்பர் வந்துடுது. வீட்டுக்குப் போய்ப் பாக்குறதை நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நிறுத்திடலாம்" என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். பால் பொங்குவதற்குள் மனம் மாறி, திரும்பக் கூப்பிட்டு, "நிறுத்த வேண்டாம்" என்றேன். பாலை இறக்கிய பிறகு மூன்றாம் முறை கூப்பிட்டு, "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே" என்றேன்.

"அக்கா, பேசாம எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் ரம்யா. எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது என் மகன் கைக்குழந்தை. பி.காம்., தட்டச்சு இரண்டு மொழியிலும் உயர்நிலை, கூடவே ஒரு பெரிய பயப்பட்டியல், இவைதான் என் தகுதிகள். வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் ஏதாவது பணம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள் என்று ஊர் நம்பிய காலம் அது. என் கணவர் அனுப்பியது வீட்டுக் கடனுக்கே சரியாக இருந்தது, அதனால்தான் நான் வேலைக்கு வந்தேன். முதல் மாதம் முழுக்க, அலமாரியைப் பூட்டினேனா என்று பார்க்கப் பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடுவேன். பூட்டித்தான் இருக்கும். திரும்பி நிறுத்தத்துக்கு வருவதற்குள் பேருந்து போயிருக்கும். ஒரு நாள் கைப்பையில் பால்புட்டியும் முத்திரை மையும் சேர்ந்து கவிழ்ந்து, அன்று வந்த விண்ணப்பங்கள் எல்லாம் ஊதா நிறத்தில் பால் வாசனையோடு கோப்புக்குள் போயின. வேலை கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

எங்களுக்கு மேலதிகாரி சிஸ்டர் ஜெயசீலி. கல்லூரியின் வரவு செலவும் சேர்க்கையும் அவர் பொறுப்பு. உயரமான, மெலிந்த பெண்மணி. யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. நாம் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, "அதனால?" என்பார். இந்த ஒரு வார்த்தைக்கு நான் பயந்த மாதிரி பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக்கூடப் பயந்ததில்லை. "சிஸ்டர், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஏகப்பட்ட பேர், கணிதத்துக்கு ஆளே இல்லை" என்பேன். "அதனால?" அதற்குமேல் நான் யோசித்திருக்க மாட்டேன். நின்றுகொண்டே இருப்பேன். அவரும் பொறுமையாகக் காத்திருப்பார்.

சலுகை கேட்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் இரண்டு பேர் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. முன்கூட்டியே கார்டு போட்டுத் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும். "திடீர்னு போய் நிக்கிறது போலீஸ் வேலை" என்பார் சிஸ்டர். போன இடத்தில் கூரையை அண்ணாந்து பார்க்கக் கூடாது. டிவி இருக்கிறதா என்று கழுத்தைத் திருப்பக் கூடாது. காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லவும் கூடாது, குடிக்கவும் கூடாது. வேண்டாம் என்றால் மனம் சங்கடப்படும். குடிப்பதென்றால் அடுத்த வீட்டில் சர்க்கரை கடன் வாங்கப் போவார்கள். ஆகவே உட்கார்ந்தவுடன் நாமே முந்திக்கொண்டு, "தொண்டை சரியில்லை, கொஞ்சம் வெந்நீர் குடுங்க" என்று கேட்டுவிட வேண்டும். சிஸ்டருக்கு நிஜமாகவே எப்போதும் தொண்டை கரகரப்புதான். அதனால் அவருக்கு அது பொய்யில்லை. நான் ஒவ்வொரு வீட்டிலும் இருமிக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு முறை திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் என் இருமலைக் கேட்டுவிட்டுக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். குடித்தேன்.

பார்த்துவந்த பிறகு ஒரு பட்டியல். மாணவியின் பெயர், பாடம், தந்தையின் பெயர், தொழில், தொழில் செய்யும் ஊர். இதை ஒரு நீளமான சார்ட் தாளில் நான் கையால் எழுதி அறிவிப்புப் பலகையில் கட்டணம் கட்டும் கடைசி நாள் வரை ஒட்டிவைப்பேன். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். கன்னியாஸ்திரிகள் தங்கள் ஆட்களுக்கே சலுகை கொடுக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் பேச்சு வந்ததாம், அதற்காக வந்த ஏற்பாடு. எனக்கு அதில் ஒரு பெருமை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று.

நான் சேர்ந்த சில வருடங்களில், சலுகையை முடிவு செய்யும் குழு இன்னொரு விதி கொண்டுவந்தது. தகப்பனார் வெளிநாட்டில் இருந்தால் சலுகை கிடையாது. அந்த விதியை நான்தான் தட்டச்சு செய்தேன். மஸ்கட்காரரின் மனைவி தட்டச்சு செய்தால் இன்னும் நியாயமாக இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். அடிக்கோடு வேறு போட்டேன்.

இனி கலைச்செல்வியின் கதை. பூதலூர் பக்கத்துக் கிராமம். கணிதம் கேட்டிருந்தாள், நல்ல மதிப்பெண். தந்தை தர்மலிங்கம், கட்டுமான வேலை, சிங்கப்பூர் என்று விண்ணப்பத்தில் இருந்தது. ஒரு நிமிடமும் யோசிக்காமல் தகுதி இல்லை என்று குறித்து மேலே அனுப்பினேன். மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று முறை யோசிக்கிறவள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா ராஜாத்தி வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசை போகட்டும் என்று காத்திருந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிட்டே குனிந்தார்.

"மேடம், அவரு சிங்கப்பூர்ல இல்லீங்க."

"அப்புறம் எங்க இருக்கார்?"

"திருப்பூர்லங்க. ஒரு மெஸ்ல சமைக்கிறாரு. ஏஜெண்டு சிங்கப்பூர்னு சொல்லி மெட்ராஸ் வரைக்கும் கூட்டிப்போயி விட்டுட்டான். மாலை போட்டு அனுப்பின ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பி வர்றது? அப்படியே திருப்பூர் போயிட்டாரு. ஊருக்கு அவரு சிங்கப்பூருதான். எப்பவாவது வந்தாலும் ராத்திரி வண்டியில வந்து விடியறதுக்குள்ள போயிடுவாரு."

"அதை எழுதிக் குடுத்துடுங்க. விண்ணப்பத்தைத் திருத்திக்கலாம்."

"குடுத்தா போர்டுல போடுவீங்களாமே."

போடுவோம் என்றேன். அவர் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். மூத்த பெண் விமலாவுக்குப் பட்டுக்கோட்டையில் வரன் பேசி முடியும் நிலையில் இருந்தது. தேங்காய் வியாபாரக் குடும்பம். சிங்கப்பூர்க்காரர் மகள் என்றுதான் வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா மகள் எங்கள் கல்லூரியிலேயே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பலகையைப் பார்க்காமல் அவள் எந்த வழியாக வகுப்புக்குப் போவாள்?

"மூத்தவ கல்யாணமும் நிக்கக் கூடாது, இவ படிப்பும் நிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள சலுகை இல்லேன்னா எங்களால கட்ட முடியாதுங்க. இவளையும் அவரோடயே அனுப்பிட வேண்டியதுதான். பனியன் கம்பெனியில எடுத்துப்பாங்களாம்."

கலைச்செல்வி பின்னால் நின்றிருந்தாள். தன்னைப் பற்றிய பேச்சு இல்லை என்பதுபோலப் பாடப்பிரிவுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதனால?"

இந்த முறை யோசித்து வைத்திருந்தேன். "ஊர்ங்கிற இடத்துல வெளியூர்னு மட்டும் போட்டுடலாமா சிஸ்டர்?"

"சிங்கப்பூரும் வெளியூர்தான். பாக்குறவங்க சிங்கப்பூர்க்காரருக்குச் சலுகை குடுத்துட்டோம்னு சொல்வாங்க."

"இந்த ஒரு பேரை மட்டும் பட்டியல்ல விட்டுட்டா?"

"போன வருஷம் விட்டிருந்தா நீயே கேட்டிருப்பே, உமா. மொதல்ல வீட்டைப் பாத்துட்டு வருவோம். கார்டு போடு."

கார்டு போட்டேன். அது எங்களுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை பாசஞ்சர் வண்டியில் பூதலூரில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தோம். தண்ணீர் வந்த வாரம். நாற்றங்காலில் வேலை நடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதுபோல் இருந்ததே, மாமியார் தொட்டுப் பார்த்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டே நடந்ததில் செருப்பு சேற்றில் சிக்கி வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனால், அங்கே ஒரு வேன் நின்றது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பட்டுக்கோட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டு, பூ, பழம், தேங்காய். நாள் குறிக்க வந்திருந்தார்கள்.

ராஜாத்தி எங்களைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. என் கையில் கல்லூரிப் பெயர் கொட்டை எழுத்தில் அச்சிட்ட கோப்பு. அதை முந்தானைக்குள் தள்ளினேன். அறுந்த செருப்பு வெளியே தெரிந்தது.

"வாங்க வாங்க" என்றார், மாப்பிள்ளையின் அக்கா சுமதி. வீட்டுக்காரரே அவர்தான் போல. "எங்க பொண்ணு காலேஜு சிஸ்டரு. இவங்க ஆபீஸ்ல இருக்கிற மேடம். என்ன இவ்வளவு தூரம்?"

சிஸ்டர் பொய் சொல்ல மாட்டார். உண்மையைச் சொன்னால் அங்கே என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் உட்கார்ந்து, "கொஞ்சம் வெந்நீர் குடும்மா" என்று மட்டும் சொன்னார். அமைதி என்றால் எனக்கு ஆகாது. வாயைத் திறந்தேன்.

"நல்ல மார்க் வாங்கின பிள்ளைங்க வீட்டுக்கு நேர்ல போய்ப் பாராட்டுறது எங்க காலேஜ் வழக்கம்ங்க."

சிஸ்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா?" என்றார் சுமதி. "எங்க பொண்ணுகூட நல்ல மார்க்தான். எங்க வீட்டுக்கு யாரும் வரலையே."

"பட்டுக்கோட்டைப் பக்கம் இனிமேதாங்க."

"ரெண்டாவது வருஷமே வந்தாச்சே மேடம்."

"தூரம் இல்லீங்களா, அதான் கடைசியில வச்சிருக்கோம்."

சிஸ்டர் முன்னால் வெந்நீர் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளையாகப் பேச்சு திரும்பியது என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"நாங்க நகை, பணம்னு எதுவும் கேக்கலம்மா. ஒண்ணே ஒண்ணு. மாப்பிள்ளைக்குத் தம்பி ஒருத்தன் சும்மா இருக்கான். உங்க வீட்டுக்காரர் அவனைச் சிங்கப்பூருக்கு எடுத்துக்கிட்டா போதும். ஒரு விசா. பெரிய கம்பெனியில இருக்கிறவருக்கு இது ஒரு விஷயமா?"

அடுப்படிக் கதவோரம் விமலா நின்றிருந்தாள். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும்தான்.

"அப்பா சிங்கப்பூர்ல இல்லீங்க" என்றாள்.

"ஏய், உள்ள போடி" என்றார் ராஜாத்தி.

"இரும்மா. திருப்பூர்ல இருக்காங்க. மெஸ்ல சமைக்கிறாங்க. தம்பிக்கு அங்க வேணும்னா சொல்லி வேலை வாங்கித் தரலாம்."

பெரியப்பா சுமதியைப் பார்த்தார். சுமதி ராஜாத்தியைப் பார்த்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் விமலாவே. "இன்னைக்கும் சொல்லலேன்னா நாளைக்கு நான்தான் உங்க வீட்ல உக்காந்துக்கிட்டு விசா எங்க, விசா எங்கன்னு தினம் பதில் சொல்லணும். என் தங்கச்சியும் படிக்காம போவா. இவங்க பாராட்ட வரலீங்க. ஃபீஸ் சலுகைக்கு வீட்டைப் பாக்க வந்திருக்காங்க. ஆமாதானே மேடம்?"

"ஆமாம்" என்றார் சிஸ்டர். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வந்தவர்கள் கத்தவில்லை. வைத்த காபியைக் குடித்து முடித்தார்கள். தட்டை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று ஒரு சின்னத் தயக்கம். தேங்காயை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். வேன் கிளம்பிய பிறகு ராஜாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கலைச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி, எந்தெந்த வீட்டிலிருந்து வந்தனவோ அங்கங்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள்.

திரும்பும் வழியெல்லாம் நான் வெறுங்காலோடு நடந்தேன். நாம் இன்று வராமல் இருந்திருந்தால், கார்டு முன்னாலேயே போயிருந்தால், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"நம்ம காலேஜ்ல ஒரு வழக்கம் இருக்குன்னு சொன்னே."

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

"சொல்லியாச்சு. இனிமே அது இருக்கணும். நல்ல மார்க் வாங்கின பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டு வா. பட்டுக்கோட்டையிலேருந்து ஆரம்பி."

போனேன். அடுத்த மாதம், புதுச் செருப்போடு, ஒரு பேனாவும் பாராட்டுச் சீட்டும் எடுத்துக்கொண்டு சுமதி வீட்டுக்கே போனேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பூதலூர்ப் பேச்சை எடுக்க மாட்டார் என்று நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்தப் பொண்ணு தைரியசாலி மேடம்" என்றார். "அதான் எங்க வீட்டுக்குச் சரிப்படாது." அந்த வழக்கம் இன்றுவரை நடக்கிறது. கல்லூரிக் கையேட்டில் நெடுங்கால மரபு என்றே அச்சிடுகிறார்கள். என் பதினோரு வருட வேலையில் நிறுவனத்துக்கு நான் சேர்த்தது அந்த ஒரு பொய்தான். வெளிநாட்டு விதியையும் அந்த ஆண்டே மாற்றினார்கள். தகப்பனார் எங்கே இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு என்ன வருகிறது என்று பார்க்கச் சொன்னது புது விதி. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன், இந்த முறை அடிக்கோடு இல்லாமல். ரம்யா, கம்ப்யூட்டரிடமும் யாராவது சிங்கப்பூர் என்று தட்டத்தான் போகிறார்கள். அது வாசலில் நிற்கும் வேனைப் பார்க்காது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த வாரம் பட்டியல் போட வேண்டியிருந்தது. புதன்கிழமை காலை சார்ட் தாளில் எழுதினேன். கலைச்செல்வி, கணிதம், தர்மலிங்கம், சமையல் தொழிலாளி, திருப்பூர். அந்த வரியை மட்டும் சற்றுச் சிறிதாக எழுதினேன். எழுதிவிட்டு அது கோழைத்தனமா கருணையா என்று யோசித்தேன். ஒட்டிய பிறகும் யோசித்தேன். பட்டுக்கோட்டைப் பெண் தோழிகளோடு வந்து, படித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

வியாழன் மதியம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். கலைச்செல்வி அவர் பக்கத்தில். பிறகு இருவரும் என் தடுப்புக்கு வந்தார்கள்.

"மேடம், நான் தர்மலிங்கம். ஒரு ஆட்சேபம் சொல்லணும்."

ஆட்சேபம் வந்தால் அந்தப் பெயரை நிறுத்திவைத்துக் குழு கூட வேண்டும். மறுநாள் கட்டணத்துக்குக் கடைசி நாள். குழுவோ அடுத்த வாரம்.

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா சிஸ்டர்கிட்ட பேசிப் பாக்கலாங்க" என்றேன்.

"சங்கடமெல்லாம் தாண்டியாச்சுங்க. காலையில ஸ்டேஷன்ல எறங்கி வீடு போறதுக்குள்ள ஊரே கேட்டுடுச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். மூத்தவகூட, நீ இனிமே பகல் வண்டியிலயே வாப்பான்னுட்டா. இது வேற விஷயம்." பலகைப் பக்கம் கையைக் காட்டினார். "சமையல் தொழிலாளின்னு போட்டிருக்கீங்க. அந்த மெஸ்ல எனக்குக் கீழ ஆறு பேர் வேலை செய்றாங்க. நான் தலைமைச் சமையல்காரன். தொழிலாளின்னா காய் நறுக்குற ஆளுன்னு நெனச்சுப்பாங்கல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தலைமைன்னு போட்டா சலுகை போயிடுமா? போகும்னா அப்படியே இருக்கட்டும்."

"போகாதுங்க" என்றேன். சிஸ்டரைக் கேட்கவில்லை. விதியைப் புரட்டவில்லை. திருப்பிக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவும் இல்லை.

மசிப் பேனாவை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். எட்டாமல் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து ஏறினேன். கலைச்செல்வி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பழைய வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டு எழுத ஆரம்பித்தேன்.

"எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும் மேடம்" என்றார் கீழிருந்து. "பட்டுக்கோட்டைப் பொண்ணு தூரத்துலேருந்தே படிக்கணும்ல."